குடிநீரின் கடினத்தன்மையை நிறங்கண்டு அறிதல்

நம் கிராமத்துத் தாய்மார்கள் நீரைச் சோதிப்பதில் தொன்றுதொட்டே வல்லவர்கள். புதிதாகத் தோண்டிய கிணற்று நீரில் துவரம்பருப்பை வேகவைத்துப் பார்ப்பார்கள். பருப்பு விரைவில் குழைந்தால் நல்ல தண்ணீர் என்பார்கள்; நெடுநேரம் கொதித்தும் விதை விதையாக நின்றால் அது சமையலுக்கு ஆகாத தண்ணீர் என்று தீர்ப்புக் கூறுவார்கள். சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் படிவதையும், வெந்நீர்ப் பானையின் உட்புறத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு ஏடு படிவதையும் கண்டு நீரின் குணத்தை உணர்ந்தார்கள். இவை யாவும் சரியான சோதனைகளே. ஆயினும், ஒரு நீர் எவ்வளவு கடினமானது, இரண்டு கிணறுகளில் எது மேலானது, சென்ற ஆண்டைவிட இவ்வாண்டு எவ்வளவு மாறியிருக்கிறது என்னும் வினாக்களுக்கு அவை விடை தரமாட்டா. அவ்விடையைத் தருவது அளவோடு கூடிய சோதனை ஒன்றே.

2019 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஜல் ஜீவன் இயக்கத்தின்கீழ், கிராமந்தோறும் ஐந்து பெண்களுக்கு நீரின் தரத்தைச் சோதிக்கும் பயிற்சி அளிப்பது என்ற ஏற்பாடு செய்யப்பட்டது. அதற்கான சோதனைப் பெட்டிகளும் ஊராட்சிகளுக்கு வந்துள்ளன. பெட்டி வந்தால் மட்டும் போதாது. அதிலுள்ள கரைசல்கள் காட்டும் நிறத்தைச் சரியாகப் படிக்கவும் தெரிய வேண்டும். ஏனெனில், நிறத்தைத் தவறாகப் படித்தால் நல்ல கிணறு கெட்டதாகும். கெட்ட கிணறு நல்லதாகும். அதன் பயனாக ஊரின் பணம் வீணாகும். இக்கட்டுரையில் கடினத்தன்மைச் சோதனையை, அதிலும் சிறப்பாகக் கால்சியச் சோதனையைப் பற்றி விளக்குவோம்.

கடினத்தன்மை என்பது யாது?

மழைநீர் மென்மையானது. அது மண்ணுக்குள் இறங்கும்போது காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்றுச் சற்றே புளிப்புத் தன்மை அடைகிறது. அவ்வாறு இறங்கும் நீர் சுண்ணாம்புப் பாறைகளையும், ஓடை மண்ணில் காணும் சுண்ணாம்புக் கற்களையும் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொள்கிறது. இங்ஙனம் நீரில் கலந்த கால்சியம், மக்னீசியம் ஆகிய இரண்டின் உப்புகளே கடினத்தன்மைக்குக் காரணம். அரியலூர், டால்மியாபுரம், சங்ககிரி, தாழையூத்து முதலிய இடங்களில் சுண்ணாம்புக்கல் மிகுதியாக இருப்பதனாலேயே சிமெண்டு ஆலைகள் தோன்றின. சேலத்தை அடுத்த குன்றுகளிலோ மக்னீசியம் கொண்ட வெள்ளைக்கல் வெட்டி எடுக்கப்படுகிறது. நிலத்தின் அடியில் இருக்கும் கல் எதுவோ, அதன் சாரம் கிணற்று நீரிலும் ஓரளவு இறங்கும் என்பதை இதனால் உணரலாம்.

கடினத்தன்மை இருவகைப்படும். பைகார்பனேட்டு வடிவில் உள்ளது நீரைக் கொதிக்கவைத்தால் வெண்மையான வண்டலாகப் படிந்து நீங்கிவிடும். இதைத் தற்காலிகக் கடினத்தன்மை என்பர். சல்பேட்டு, குளோரைடு வடிவில் உள்ளது கொதிக்கவைத்தாலும் நீங்காது. இது நிலையான கடினத்தன்மை. உப்புக் கரிக்கும் நீரெல்லாம் கடின நீர் அன்று; கடின நீரெல்லாம் உப்புக் கரிப்பதும் இல்லை. நாவின் சுவையைக் கொண்டு மட்டும் முடிவுசெய்தல் ஆகாது என்பதற்கு இதுவே காரணம்.

நிறம் ஏன் மாறுகிறது?

மஞ்சளோடு சுண்ணாம்பைக் குழைத்தால் சிவந்து ஆலத்தி நீராவதை யாவரும் அறிவோம். மஞ்சளில் உள்ள ஒரு பொருள் சுண்ணாம்பின் காரத்தை நமக்கு நிறத்தால் அறிவிக்கிறது. இங்ஙனம் நிறத்தால் செய்தி சொல்லும் பொருளுக்கு நிறங்காட்டி என்று பெயர். கடினத்தன்மைச் சோதனையிலும் ஒரு நிறங்காட்டி உண்டு. அது இயல்பாக நீல நிறம் உடையது. கால்சியமோ மக்னீசியமோ உள்ள நீரில் இட்டால் அவற்றைப் பற்றிக்கொண்டு, திராட்சைச் சாறு போன்ற சிவப்பாக மாறுகிறது.

பின்னர், இ.டி.டி.ஏ. என்னும் கரைசலைத் துளித்துளியாக இடுகிறோம். இக்கரைசல் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் நிறங்காட்டியைவிட வலுவாகப் பற்றும் குணமுடையது. முதலில் நீரில் தனியே திரிவனவற்றைப் பற்றுகிறது. இறுதியில் நிறங்காட்டியின் பிடியில் இருப்பனவற்றையும் பறித்துக்கொள்கிறது. அந்நிலையில் நிறங்காட்டி விடுதலை பெற்றுத் தன் பழைய நீல நிறத்தை அடைகிறது. ஆகவே, சிவப்பு நீலமாகும் வரை எத்தனை துளி செலவாயிற்று என்பதே நீரின் கடினத்தன்மைக்கு அளவு. 1841 ஆம் ஆண்டில் தாமஸ் கிளார்க் என்னும் அறிஞர் சோப்புக் கரைசலைக் கொண்டு கடினத்தன்மையை அளக்கும் வழியைக் கண்டார். நுரை நிலைக்கும் வரை சோப்பைச் சேர்த்து அளப்பது அம்முறை. 1940 களில் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் சுவார்சன்பாக் என்னும் இரசாயன அறிஞர் இ.டி.டி.ஏ. முறையை வகுத்தார். நம் ஊராட்சிப் பெட்டியில் உள்ளது அம்முறையே.

நீர் எடுக்கும் முறை

சோதனையின் வெற்றியில் பாதி நீர் எடுப்பதில் இருக்கிறது. அடிகுழாயாயின் தேங்கிய நீர் முழுதும் வெளியேறும் வரை சில நிமிடம் அடித்துவிட்டுப் பின்னரே நீரைப் பிடிக்க வேண்டும். துருப்பிடித்த குழாயில் இரவெல்லாம் நின்ற நீரில் இரும்பு கலந்திருக்கும். அது நிறத்தைக் குழப்பும். புட்டியைச் சோதிக்கப்போகும் நீரினாலேயே மும்முறை அலம்புக. கிணறாயின் மேற்பரப்பில் மிதக்கும் தூசியை விலக்கி, சற்று ஆழத்திலிருந்து எடுக்க. தொட்டியில் குளோரின் தூள் இட்ட உடனே நீர் எடுத்தலாகாது. குளோரின் மிகுந்தால் நிறங்காட்டியின் சாயத்தை வெளுக்கச் செய்யும். கலங்கிய நீராயின் தெளியவைத்து வடிகட்டிக்கொள்க.

முதற் சோதனை: மொத்தக் கடினத்தன்மை

அளவுக்கோடு வரை நீரை எடுத்து, கையேட்டில் கூறிய அளவு தாங்கல் கரைசலை இடுக. அம்மோனியா வாடை வீசும் இக்கரைசல் நீரின் காரநிலையை 10 என்னும் அளவில் நிறுத்துகிறது. பின்னர் எரியோகுரோம் பிளாக் டி என்னும் நிறங்காட்டியைச் சிறிதளவு இட்டுக் கலக்குக. நீர் திராட்சைச் சிவப்பாகும். அதன்பின் இ.டி.டி.ஏ. புட்டியைச் செங்குத்தாகப் பிடித்து ஒவ்வொரு துளியாக எண்ணி விடுக. ஒவ்வொரு துளிக்கும் குடுவையைச் சுழற்றுக. சிவப்பு மெல்லக் கத்தரிப்பூ நிறமாகி, பின்னர்ச் சங்குப்பூ நீலமாகும். சிவப்பின் சாயல் சிறிதும் இல்லாத நீலமே முடிவு நிலை.

இரண்டாம் சோதனை: கால்சியக் கடினத்தன்மை

புதிதாக அதே அளவு நீரை எடுத்து, இம்முறை சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை இட வேண்டும். இது காரநிலையை 12 க்கு மேல் உயர்த்துகிறது. அந்நிலையில் மக்னீசியம் கரையாத வெண்படிவாகிச் சோதனையினின்றும் ஒதுங்கிக்கொள்கிறது. எஞ்சுவது கால்சியம் மட்டுமே. இங்கே நிறங்காட்டியும் வேறு. மியூரெக்சைடு என்னும் பொருளாயின் ரோஜா நிறத்திலிருந்து ஊதா நிறத்துக்கு மாறும். பேட்டன் ரீடர் என்னும் பொருளாயின் சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாறும். நம் பெட்டியில் உள்ளது எது என்பதை அட்டையில் பார்த்துத் தெளிந்துகொள்க. மியூரெக்சைடு உள்ள பெட்டியில் நீலம் வரவில்லையே என்று துளிகளை விட்டுக்கொண்டே போவதும், மற்றதில் ஊதா வந்தவுடன் நிறுத்திவிடுவதும் நாம் பலகாலும் கண்ட பிழைகள்.

கணக்கிடும் வகை

ஒரு துளிக்கு இத்தனை மில்லிகிராம் என்று கையேட்டில் குறித்திருப்பார்கள். பெட்டிக்குப் பெட்டி இவ்வளவு மாறும். ஒரு துளிக்கு லிட்டருக்கு 25 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். முதற் சோதனையில் 18 துளி செலவானால், மொத்தக் கடினத்தன்மை 18 ஐ 25 ஆல் பெருக்க 450 ஆகும். இரண்டாம் சோதனையில் 11 துளி செலவானால், கால்சியக் கடினத்தன்மை 275. இரண்டுக்கும் உள்ள வேறுபாடாகிய 175 மக்னீசியக் கடினத்தன்மை. இவை யாவும் கால்சியம் கார்பனேட்டாகக் கொண்டு கூறும் அளவுகள். கால்சியம் மட்டும் எவ்வளவு என்று அறியவேண்டின் 275 ஐ 0.4 ஆல் பெருக்குக. 110 மில்லிகிராம் வரும். மக்னீசியத்துக்கு 175 ஐ 0.243 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 42.5 மில்லிகிராம்.

இந்தியத் தர நிறுவனம் 2012 ஆம் ஆண்டில் வெளியிட்ட குடிநீர்த் தரக் குறிப்பின்படி, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்புடையது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதிக்கலாம். கால்சியத்துக்கு இவ்வெல்லைகள் 75, 200. மக்னீசியத்துக்கு 30, 100. மேலே கண்ட கணக்கின் நீர் ஏற்புடைய எல்லையைக் கடந்ததாயினும், அனுமதிக்கும் எல்லைக்குள் அடங்குகிறது. அவ்வூருக்கு வேறு நல்ல நீர் இல்லையெனில் அதைக் குடிநீராகக் கொள்ளலாம்.

நிறம் ஏமாற்றும் இடங்கள்

இனி, நிறம் நம்மை எவ்வெவ்வாறு ஏமாற்றும் என்பதைக் காண்போம்.

முதலாவது, நீலம் வராமல் கத்தரிப்பூ நிறத்திலேயே நின்றுவிடுதல். நீரில் இரும்போ செம்போ கலந்திருந்தால் அவை நிறங்காட்டியை இறுகப் பற்றிக்கொண்டு விடமாட்டா. எத்தனை துளி விட்டாலும் தெளிவான நீலம் தோன்றாது. இதற்கு எளிய வழி உண்டு. வேறு நீரை எடுத்து, காரக் கரைசலும் நிறங்காட்டியும் இடுவதற்கு முன்னரே இ.டி.டி.ஏ. கரைசலில் ஐந்தாறு துளிகளை விட்டுக் கலக்குக. அது இரும்பையும் செம்பையும் முன்னதாகவே பற்றிக்கொள்ளும். பின்னர் வழக்கம்போல் சோதனை செய்க. முன்பு விட்ட ஐந்தாறு துளிகளையும் எண்ணிக்கையில் சேர்க்க மறத்தலாகாது.

இரண்டாவது, நீலமான நீர் சிறிது நேரத்தில் மீண்டும் சிவத்தல். கடினத்தன்மை மிகுந்த நீரில் கால்சியத்தின் ஒரு பகுதி நுண்ணிய சுண்ணாம்புத் துகளாகப் படிந்துவிடும். அது மெல்லக் கரைந்து வெளிப்படும்போது நிறம் திரும்புகிறது. இத்தகைய நீரில் பாதியளவு எடுத்து, மறுபாதிக்கு வாலைநீரைச் சேர்த்துச் சோதித்து, வந்த விடையை இரண்டால் பெருக்குக. காரக் கரைசலை இட்ட நேரத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் சோதனையை முடித்துவிட வேண்டும்.

மூன்றாவது, கால்சியச் சோதனையில் பஞ்சு போன்ற திரள்கள் தோன்றுதல். அவை ஒதுங்கிய மக்னீசியத்தின் படிவுகள். சாயம் அவற்றில் ஒட்டிக்கொள்வதால் நீர் ஒரு நிறமும் திரள் ஒரு நிறமுமாகத் தோன்றும். மேற்கூறியவாறே வாலைநீர் கலந்து, நன்கு சுழற்றிச் சோதிப்பது தகும்.

நான்காவது, விளக்கொளி. பழைய குண்டு விளக்கின் மஞ்சள் ஒளியில் நீல நிறமும் சிவப்புச் சாயலோடு தோன்றும். முடிவு நிலை வந்தபின்னும் வரவில்லை என்று துளிகளை விடுவோம். ஆகவே, பகல் வெளிச்சத்தில், நிழலான இடத்தில், வெள்ளைத் தாளைப் பின்னே வைத்துப் பார்ப்பதே முறை.

ஐந்தாவது, கரைசல்கள் பழுதாதல். அம்மோனியா ஆவியாகிப் போன தாங்கல் கரைசலும், கரைத்து நெடுநாள் வைத்த நிறங்காட்டியும் தெளிவான மாற்றத்தைத் தரமாட்டா. இவற்றைக் கண்டறிவது எளிது. வாலைநீரில் சோதனையைச் செய்து பார்த்தால் தொடக்கத்திலேயே நீலமாக நிற்க வேண்டும். அதில் தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சில துளி விட்டால் உடனே சிவக்க வேண்டும். இவ்விரண்டும் நிகழவில்லையேல் பெட்டியைப் பயன்படுத்தாமல் புதிய கரைசலைப் பெறுக.

ஆறாவது, பார்ப்பவர் கண். ஆண்களில் சிலருக்குப் பிறவியிலேயே நிறங்களைப் பிரித்தறிவதில் குறை உண்டு. பலர் அதை அறியாமலே இருப்பார்கள். எனவே, இருவர் தனித்தனியே பார்த்து ஒப்புக்கொள்வது நலம். இருமுறை சோதித்தால் விடைகள் ஒரு துளிக்கு மேல் வேறுபடலாகாது. முடிவு நிலை வந்துவிட்டதோ என்று ஐயம் எழுந்தால், எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு மேலும் ஒரு துளி விடுக. நிறம் மாறவில்லையெனில் முன் துளியே முடிவு. பின்னர் விட்டதை எண்ண வேண்டா.

நாம் கற்ற பாடம்

நம் வட்டாரத்து ஊராட்சி ஒன்றில் நிகழ்ந்ததை இங்குக் கூறுவது பயன்தரும். அவ்வூர்ப் பள்ளியை ஒட்டிய ஆழ்குழாய்க் கிணற்று நீர் ஆண்டுக்கணக்காக மக்களுக்குப் பயன்பட்டு வந்தது. ஒருநாள் மாலையில் சோதித்தபோது 40 துளி விட்டும் நீலம் வரவில்லை. சோதித்தவர் சலித்துப்போய் 1,000 என்று எழுதிவிட்டார். 600 என்னும் எல்லையைக் கடந்துவிட்டது என்று கிணற்றை மூடி, வேறிடத்தில் புதுக்கிணறு தோண்ட ஊராட்சி தீர்மானம் இயற்றியது. அறிக்கையை மேலெழுந்தவாரியாகப் பார்த்து நாமும் கையொப்பமிட்டோம். அதன்பின் அவ்வூர்ப் பெண்கள் இரண்டு திங்கள் அரைக்கல் தொலைவு நடந்து, வயற்கிணற்று நீரைச் சுமந்தார்கள்.

ஒருநாள் அவ்வழியே சென்றபோது மூதாட்டி ஒருவர் நம்மை நிறுத்தி, “ஐயா, நேற்றுவரை பருப்பு வெந்த தண்ணீர் இன்றைக்கு எப்படிக் கெட்டுப்போகும்?” என்று வினவினார். அக்கேள்விக்கு நம்மிடம் விடையில்லை. மறுநாள் காலையில் நாமே சென்று, குழாயைக் கால்மணி நேரம் அடித்துத் துரு நீரை வெளியேற்றி, முன்கூட்டி ஆறு துளி விட்டுச் சோதித்தோம். 17 ஆம் துளியில் தெளிவான நீலம் வந்தது. மறுமுறையும் அவ்வாறே. கடினத்தன்மை 425. மாவட்ட ஆய்வகத்துக்கு அனுப்பிய நீரின் அறிக்கையும் அதை ஒட்டியே இருந்தது. குழாயில் பழுதான இரும்புப் பகுதியை மாற்றியதோடு கிணறு மீண்டும் பயனுக்கு வந்தது. புதுக்கிணற்றின் செலவும் மிஞ்சிற்று. பிழை சோதித்த பெண்ணுடையது அன்று. நிறம் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று அவருக்குச் சொல்லித்தராத நம்முடையதே. அதுமுதல், விடை எவ்வளவு என்பதோடு, இறுதியில் கண்ட நிறம் யாது என்பதையும் பதிவேட்டில் எழுதும் வழக்கத்தை ஏற்படுத்தினோம். “நீலம் வரவில்லை” என்று எழுதுவதும் ஒரு விடையே. அதை எண்ணால் மறைக்க வேண்டியதில்லை.

விடையைக் கொண்டு செய்ய வேண்டுவன

கடின நீரைக் குடித்தால் நோய் வரும் என்று மக்கள் அஞ்சுவதுண்டு. உலக சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நலத்தின் அடிப்படையில் எல்லை எதுவும் வகுக்கவில்லை. கால்சியமும் மக்னீசியமும் உடலுக்கு வேண்டிய சத்துகளே. சுவை, சமையல், சோப்புச் செலவு, குழாய் அடைப்பு ஆகியவை கருதியே எல்லை வகுக்கப்பட்டது. ஆனால், ஃபுளோரைடு, நைட்ரேட்டு, கிருமிகள் ஆகியவற்றின் நிலை வேறு. அவை உடலுக்குத் தீங்கு செய்வன. கடினத்தன்மை குறைவு என்று மகிழ்ந்து, அவற்றைச் சோதியாமல் விடுதல் பெருந்தவறாகும்.

எல்லை மீறிய இடங்களில் மென்மையான நீரோடு கலந்து வழங்கலாம். கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நீர் வரும் ஊர்களுக்கு இது எளிது. மழைநீரைக் கிணற்றருகே நிலத்துள் இறக்கினால் காலப்போக்கில் நீரின் தன்மை மேம்பட இடமுண்டு. 2003 ஆம் ஆண்டில் தமிழகத்தில் கட்டடந்தோறும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதை நினைவுகூர்க. அக்குழிகள் தூர்ந்து கிடக்குமாயின் உடனே தூர்வார வேண்டும்.

உழவர்களுக்கும் இச்சோதனை பயன்தரும். பாசன நீரில் கால்சியம் இருப்பது பொதுவாக மண்ணுக்கு நன்மையே. சோடியம் மிகுந்து மண் இறுகுவதை அது தடுக்கிறது. களர் நிலத்துக்கு ஜிப்சம் இடுவதும் கால்சியத்தைச் சேர்ப்பதற்காகவே. ஆயினும், சொட்டுநீர்க் குழாய்களின் துளைகளில் சுண்ணாம்பு படிந்து அடைப்பதற்கும் கடின நீரே காரணம். சில களைக்கொல்லி மருந்துகள் கடின நீரில் கலந்தால் வீரியம் குறையும். ஆகவே, தம் கிணற்று நீரின் அளவை அறிந்து, வேளாண்மை அலுவலரின் யோசனையைப் பெறுவது உழவர் கடமை.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு

மழைக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் ஒவ்வொரு நீர் ஆதாரத்தையும் சோதித்துப் பதிவேட்டில் குறித்து வருக. நாள், கிணற்றின் பெயர், துளிகளின் எண்ணிக்கை, இறுதி நிறம், சோதித்த இருவரின் கையொப்பம் ஆகியவை அதில் இருக்கட்டும். ஐயமான விடையைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்கு அனுப்பித் தெளிவு பெறாமல், எந்தக் கிணற்றையும் மூடவோ புதிதாகத் தோண்டவோ தீர்மானிக்க வேண்டா. சோதனைக் கரைசல்கள் கண்ணிலும் தோலிலும் படாமல் காத்து, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். சோதித்த நீரைக் கிணற்றருகே கொட்டலாகாது.

மார்ச் 22 ஆம் நாள் உலக நீர் நாள். அன்று நம் மாநிலத்தில் கிராம சபையும் கூடுகிறது. அச்சபையில் பதிவேட்டைப் படித்துக் காட்டுவதோடு நில்லாமல், ஊரார் முன்னிலையில் ஒரு குடுவை நீரைச் சோதித்தும் காட்டுங்கள். சிவப்பு நீலமாவதைச் சிறுவரும் முதியோரும் தம் கண்ணால் காணட்டும். பருப்பை வேகவைத்து நீரை அறிந்த நம் தாய்மார்கள் துளியை எண்ணி அறிவதையும் விரைவில் கற்றுக்கொள்வார்கள். அவர்கள் கற்றுக்கொண்ட ஊரில், தவறான அறிக்கை ஒன்றினால் நல்ல கிணறு மூடப்படும் நிலை மீண்டும் நேராது.